கண்ணீரும் பரிசோதனைப் பிராணிகளும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கி மரக்காணத்துக்குச் செல்லும் சாலை கடலோரத்தை நெருங்கும்போது உப்பளங்கள் கண்ணில் படும். கோடை நாட்களில் பாத்திகளில் விளைந்த உப்பு வெயிலில் கண்ணைப் பறிக்கும். கடற்காற்றும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். அங்கே பல ஆண்டுகள் உப்பு வாரிய மூதாட்டி ஒருவர் எங்கள் தெருவில் வசித்து வருகிறார். சென்ற ஆண்டு ஒருநாள் அவர் என்னிடம், "தம்பி, கண்ணுல மணலை அள்ளிப் போட்டாப்ல உறுத்துது. காத்து பட்டா தண்ணியா கொட்டுது" என்று முறையிட்டார். அவரைக் கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவருடைய கீழிமையின் விளிம்பில் சிறிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, 5 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்து, "அம்மா, உங்கள் கண்கள் உலர்ந்து போயிருக்கின்றன" என்றார். மூதாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி கொட்டுற கண்ணைப் பாத்துக் காஞ்சு போச்சுங்கிறாரே!" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதையும், இந்த உண்மையை மனிதர் அறிவதற்கு எலியும் முயலும் நாயும் எவ்வாறு துணை நின்றன என்பதையும், அந்தத் துணைக்கு உள்ள எல்லை எது என்பதையும் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணீர் என்றவுடன் நமக்கு அழுகை நினைவுக்கு வருகிறது. ஆனால் அழாத நேரத்திலும் கருவிழியின் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தப் படலம் வெறும் நீரன்று. கண்குழியின் மேற்புறத்தில் உள்ள கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகிறது. இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்துள்ள நுண்ணிய சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. 1666-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்த மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அவற்றை மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். கண்ணின் வெண்பகுதியை மூடியுள்ள சவ்வில் இருக்கும் உயிரணுக்கள் வழவழப்பான சளிப்பொருளைத் தருகின்றன. சளிப்பொருள் நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கிறது. எண்ணெய், நீர் ஆவியாகாமல் காக்கிறது. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் படலம் இடையிடையே உடைந்து போகும். உடைந்த இடத்தில் கருவிழியின் மேற்பரப்பு காற்றுக்கு இலக்காகும். கருவிழியோ நரம்பு முனைகள் மிக நெருங்கி அமைந்த இடம். அங்கே உறுத்தல் தோன்றியவுடன், நெருப்புப் பிடித்த வீட்டில் குடங்குடமாக நீரைக் கொட்டுவதுபோல், சுரப்பி அவசரமாக நீரைப் பொழிகிறது. எண்ணெயும் சளிப்பொருளும் உரிய அளவில் கலவாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்தோடிவிடுகிறது. கண் மீண்டும் உலர்கிறது. நம் மூதாட்டிக்கு நேர்ந்தது இதுவே. மருத்துவர் செருகிய காகிதத் துண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903-ஆம் ஆண்டில் வகுத்த சோதனை அது. 5 நிமிடத்தில் காகிதம் 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால், கண்ணீர் மிகவும் குறைந்துவிட்டது என்பது பொருள்.

நேயர்களே, ஒரு நோயின் காரணத்தை அறிய வேண்டுமானால், அந்தக் காரணத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். பிறகு அதை நீக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மனிதருடைய கண்ணீர்ச் சுரப்பியை அறுத்தெடுத்துவிட்டு, என்ன நேருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எந்த அறமும் இடந்தராது. ஆகவேதான் பிராணிகளை நாடினார்கள். வழக்கு மன்றத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல் பிராணியை ஆராய்ச்சிக் கூடத்தில் ஏற்றினார்கள். ஆனால் எந்தச் சாட்சியும் தான் கண்டதை மட்டுமே சொல்ல முடியும். காணாததைக் கேட்டால் அதனிடம் பதில் இராது. இந்தச் சாட்சியோ வாய் பேசாதது. ஆதலால் கேள்வி கேட்பவர்தாம் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

முதலில் அச்சாட்சி உண்மையை மிகத் தெளிவாகச் சொன்ன ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அது நம் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது.

கண் உலர்வதில் ஒரு தனி வகை உண்டு. நம் கிராமங்களில் முன்பு மாலைக்கண் என்றும், அது முற்றிய நிலையில் பூ விழுந்துவிட்டது என்றும் சொல்வார்களே, அது. சிறு குழந்தைகளுக்கு முதலில் மங்கிய ஒளியில் பார்வை குன்றும். பிறகு கண்ணின் வெண்பகுதி பளபளப்பு இழந்து உலரும். இறுதியில் கருவிழி இளகிக் கரைந்தே போகும். பார்வை மீளாது. இதற்குக் காரணம் என்னவென்று நெடுங்காலம் யாருக்கும் விளங்கவில்லை. 1816-இல் மஜான்டி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, நாய்களுக்குச் சர்க்கரையும் நீரும் மட்டுமே கொடுத்து வளர்த்தபோது அவற்றின் கருவிழியில் புண் தோன்றியதைக் குறித்து வைத்தார். ஜப்பானில் மோரி என்ற மருத்துவர் 1904-இல், கண் உலர்ந்த குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் கோழி ஈரலும் கொடுத்தால் குணமாகிறது என்று எழுதினார். ஆனால் எந்தப் பொருள் குறைந்ததால் நோய், எந்தப் பொருள் சேர்ந்ததால் குணம் என்பதைத் தனியே பிரித்துக் காட்டியவை வெள்ளை எலிகள். 1913-இல் அமெரிக்காவில் மெக்காலம், டேவிஸ் என்ற இருவர், வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இல்லாமல் எலிகள் வளர்வதில்லை என்று நிறுவினர். அதே ஆண்டில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற வேறு இருவரும் அதே முடிவுக்கு வந்தனர். அப்பொருள் இல்லாத எலிகளின் கண்கள் வீங்கி உலர்ந்தன, கொடுத்தவுடன் தெளிந்தன. அப்பொருளையே இன்று வைட்டமின் 'ஏ' என்கிறோம். 1925-இல் வோல்பாக், ஹோ என்பவர்கள் எலிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இந்தச் சத்துக் குறைந்தால் ஈரமாக இருக்க வேண்டிய மேற்பரப்புகள் எல்லாம் தோல்போல் தடித்து உலர்ந்துவிடுகின்றன என்று காட்டினர்.

அதே காலத்தில் நம் நீலகிரி மலையில், குன்னூரில், மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவுக் குறை நோய்களை எலிகளிடம் ஆராய்ந்து கொண்டிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே எலிக் கூட்டங்களுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் காய்கறியும் உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் தீட்டிய அரிசியையே உண்டவை மெலிந்து நோயுற்றன. அவர் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ரைட் என்பவர், தென்னாட்டுக் குழந்தைகளுக்குக் கருவிழி இளகும் நோய் வருவதைப் பற்றி 1922-இலேயே எழுதினார். 1937-இல் அவரும், குன்னூர்க் கூடத்தின் தலைவராக இருந்த எய்க்ராய்டும் சேர்ந்து, செம்பனை எண்ணெயைக் கொண்டு அந்நோயைக் குணப்படுத்தியதை வெளியிட்டனர். எலிக்கூண்டில் தொடங்கிய அறிவு இவ்வாறு எழும்பூர் மருத்துவமனையின் கட்டில்வரை வந்து சேர்ந்தது.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. 1928-இல் இங்கிலாந்தில் கிரீன், மெலன்பி என்ற இருவர், வைட்டமின் 'ஏ' குறைந்த எலிகள் கண்ணை மட்டும் இழப்பதில்லை, தொற்று நோய்க்கு ஆளாகி இறந்தும் போகின்றன என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆயினும் மனிதக் குழந்தைகளைப் பொறுத்தவரை, கண்ணைக் காப்பதே இந்தச் சத்தின் வேலை என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. இந்தியாவில் 1970-இல் தொடங்கிய திட்டமும் பார்வை இழப்பைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. 1980-களில் இந்தோனேசியாவில் சோமர் என்ற கண் மருத்துவர், மாலைக்கண் உள்ள குழந்தைகள் மிகுதியாக இறப்பதைக் கண்டு உலகை விழிப்புறச் செய்தார். அதன் பின்னர் நம் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டுக் காலம் கவனித்தனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு 1990-இல் வெளியாயிற்று. எலிகள் சொல்லி 60 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே நாம் அதைச் செவிமடுத்தோம். சாட்சி பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்கள் பாதியை மட்டுமே கேட்டார்கள்.

எலியின் சாட்சியம் இங்கே இவ்வளவு உறுதியாக இருந்ததன் காரணம் என்ன? அந்த நோய்க்குக் காரணம் ஒன்றே ஒன்று. எலிக்கு என்ன குறைந்ததோ அதுவே குழந்தைக்கும் குறைந்தது. எடுத்தால் நோய், கொடுத்தால் குணம். கேள்வி நேரானது, பதிலும் நேராக வந்தது.

இனி நம் மூதாட்டியின் நோய்க்கு வருவோம். அவருடைய உணவில் முருங்கைக் கீரைக்குக் குறைவில்லை. அவருடைய உலர்கண் வேறு வகையைச் சேர்ந்தது. முதுமை, பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் ஏற்படும் மாற்றம், மூட்டுவாதம், காற்று, வெயில், சில மாத்திரைகள், இமைச் சுரப்பிகளின் அடைப்பு என இந்த நோய்க்குப் பல வாசல்கள் உண்டு. கைப்பேசியின் திரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் இன்று ஒரு வாசலாகிவிட்டது. உலகின் பல பகுதிகளில் எடுத்த கணக்குகள், வயது வந்தோரில் 5 முதல் 50 விழுக்காட்டினர்வரை இதனால் துன்புறுவதாகக் கூறுகின்றன. கணக்குகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதே, இது ஒற்றை நோயன்று என்பதற்கு அடையாளம்.

இப்படிப்பட்ட நோயை ஒரு பிராணியிடம் எவ்வாறு உண்டாக்குவது? விஞ்ஞானிகள் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். சுண்டெலிகளை ஈரப்பதம் குறைந்த அறையில் வைத்து, விசிறியால் ஓயாது காற்று வீசச் செய்து, ஸ்கோபோலமின் என்ற மருந்தையும் ஊசி மூலம் செலுத்துவார்கள். நம் வேலியோரத்து ஊமத்தையில் உள்ள பொருள் அது. ஊமத்தை உண்டவருக்கு நா வறள்வதை நம் நாட்டு வைத்தியர்கள் அறிவர். அதுவே கண்ணீரையும் வற்றச் செய்கிறது. சில நாட்களில் சுண்டெலியின் கண்ணில் அழற்சி தோன்றும். உலர்வு அழற்சியைத் தூண்டுகிறது, அழற்சி மேலும் உலர்வை உண்டாக்குகிறது என்ற சுழற்சியை நமக்குத் தெளிவாகக் காட்டியது இந்தச் சோதனைதான். உப்பளக் காற்றில் நின்ற கண்ணுக்கு நேர்வதை ஒருவாறு ஒத்திருப்பதும் இதுவே. சில சுண்டெலிகளுக்குக் கண்ணீர்ச் சுரப்பியில் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் செலுத்துவார்கள். வேறு சில இனச் சுண்டெலிகளுக்குத் தம் உடலின் காவற்படையே தம் சுரப்பியைத் தாக்கும் இயல்பு பரம்பரையாக அமைந்திருக்கிறது. 1933-இல் ஷோக்ரன் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர், கண்ணும் வாயும் உலர்ந்து மூட்டுவலியும் கொண்ட பெண்களைப் பற்றி விவரித்தாரே, அந்த நோயை ஆராய இச்சுண்டெலிகள் உதவுகின்றன.

முயலின் கண் பெரியது. பார்ப்பதற்கும் மருந்திடுவதற்கும் எளிது. ஆகவே முயல்களின் சுரப்பியை அகற்றியும், சுரப்பியின் குழாயை அடைத்தும் சோதித்தார்கள். ஆனால் முயல் நம்மைப்போல் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இமைப்பதில்லை. மணிக்குச் சில முறையே இமைக்கிறது. அதன் கண்ணீர்ப் படலம் நெடுநேரம் உடையாமல் நிற்கும். நமக்கு இல்லாத மூன்றாம் இமை ஒன்றும், கூடுதலான சுரப்பி ஒன்றும் அதற்கு உண்டு. ஒரு சுரப்பியை எடுத்தாலும் முயலின் கண் தாக்குப்பிடித்து நிற்கும். ஆக, சுண்டெலி ஒரு வாசலைக் காட்டுகிறது. முயல் இன்னொரு வாசலைக் காட்டுகிறது. எந்தப் பிராணியும் முழு வீட்டையும் காட்டவில்லை.

இவற்றினும் நமக்கு மிக நெருங்கிய சாட்சி நாய். ஏனெனில் நாய்க்கு இந்த நோயை யாரும் உண்டாக்க வேண்டியதில்லை, தானாகவே வருகிறது. காக்கர் ஸ்பேனியல், புல்டாக், லாசா அப்சோ போன்ற இனங்களில் மிகுதி. வீட்டு நாயின் கண்ணில் எந்நேரமும் பிசுபிசுப்பான பீளை கட்டிக் கருவிழி மங்கினால், அது உலர்கண்ணாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்நடைக் கண் மருத்துவர் ரெனி காஸ்வான் 1980-களில் இத்தகைய நாய்களுக்கு வைத்தியம் செய்து வந்தார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்பட்டு வந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை அந்நாய்களின் கண்ணில் இட்டபோது, வற்றிய கண்ணீர் மீண்டும் சுரந்ததைக் கண்டார். நாய்களுக்கான சைக்ளோஸ்போரின் களிம்புக்கு அமெரிக்க அரசு 1995-இல் அனுமதி அளித்தது. அதே மருந்து மனிதருக்கான சொட்டு மருந்தாக 2002-இல் அனுமதி பெற்றது. நோயுற்ற நாய்க்கும் நன்மை, நோயுற்ற மனிதருக்கும் நன்மை. இதைவிட மேலான பரிசோதனை வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் கணக்கைப் பார்ப்போம். நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அம்மருந்தால் கண்ணீர் பெருகியது. மனிதரிடம் நடந்த சோதனைகளில், ஷிர்மரின் காகிதம் 10 மில்லிமீட்டர் கூடுதலாக நனையும் அளவுக்குக் கண்ணீர் பெருகியவர்கள், மருந்து பெற்றோரில் 15 விழுக்காட்டினர். மருந்து கலவாத சொட்டைப் பெற்றோரில் 5 விழுக்காட்டினர். பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாயின் கண்ணைப் பார்த்து எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. டிக்குவாபோசால் என்ற இன்னொரு மருந்து 2010-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. அமெரிக்காவிலோ மனிதரிடம் நடந்த சோதனைகள் போதிய பலனைக் காட்டாததால் அனுமதி பெறவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நம்பிக்கை ஊட்டிய மருந்துகள் மனிதரிடம் வந்து தடுமாறுவது இத்துறையில் அரிதன்று.

ஏன் இப்படி நேருகிறது? நாய்க்கு நோய் வரும் வாசல் பெரும்பாலும் ஒன்றே, மனிதருக்கோ பல. சுண்டெலிக்குச் சில வாரங்களில் உண்டாக்கிய நோயும், உப்பளத்தில் 30 ஆண்டுகள் நின்ற ஒருவருக்கு மெல்ல மெல்ல முற்றிய நோயும் ஒன்றாகா. இவற்றுக்கு மேலாக மற்றொரு காரணம் உண்டு. உலர்கண் நோயில் கண்ணின் தோற்றமும் நோயாளி உணரும் துன்பமும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. காகிதம் நன்றாக நனைகிறவருக்குத் தாங்க முடியாத உறுத்தல் இருக்கும். காகிதம் நனையாதவர் ஒன்றுமில்லை என்பார். "மணலை அள்ளிப் போட்டாப்ல" என்று அந்த மூதாட்டி சொன்னாரே, அந்த ஒரு சொல்லை எந்தச் சுண்டெலியும் சொல்லாது. சுண்டெலியின் கண்ணை அளக்கலாம். அதன் உறுத்தலைக் கேட்டறிய இயலாது. மருத்துவர் குணப்படுத்த வேண்டியதோ பெரும்பாலும் அந்த உறுத்தலையே. ஆகவே, பிராணி காரணத்தைச் சொல்லும். குணத்தை மனிதர்தாம் சொல்ல வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

இந்த எல்லையை அறிவது விஞ்ஞானத்துக்கு மட்டும் தேவையானதன்று, அறத்துக்கும் தேவையானது. பதில் சொல்ல முடியாத கேள்விக்காக ஓர் உயிரைத் துன்புறுத்துவது கொடுமை. அதனால் பயனும் இல்லை. 1944-இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவர் வகுத்த முறைப்படி, பல்வேறு பொருள்கள் கண்ணை எரிக்குமா என்று அறிய முயல்களின் கண்களில் அவற்றை இட்டுப் பார்ப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அழகுப் பொருள்களுக்காகவும் அவ்வாறு செய்தனர். நம் நாட்டில் இக்கொடுமைகளுக்கு எதிராக முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், நாட்டியக் கலையால் உலகறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். 1952-இல் மாநிலங்கள் அவைக்கு நியமிக்கப்பட்ட அவர், பிராணிகளைக் காக்கும் தனி மசோதா ஒன்றை அவையில் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பரிசோதனைகளை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் வலி தெரியாமல் இருக்க மயக்க மருந்து தரவேண்டும், வேறு வழி இருக்குமிடத்தில் பிராணியை நாடக் கூடாது என்ற நெறிகளுக்கு இடமளித்தது. 1959-இல் இங்கிலாந்தில் ரஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்றவரை பிராணிக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைக் குறைக்க. இம்மூன்றும் இன்று உலகம் ஒப்புக்கொண்ட நெறிகள்.

காலம் அந்தத் திசையிலேயே செல்கிறது. அழகுப் பொருள்களைப் பிராணிகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. புதிய மருந்துகளுக்கான விதிகளை 2023-இல் திருத்தி, பிராணியைத் தவிர்த்த சோதனை முறைகளுக்கும் இடமளித்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2019-இல், மனித உயிரணுக்களை வளர்த்து, இமைக்கும் இமையோடு கூடிய ஒரு செயற்கைக் கண்ணை உருவாக்கி, அதில் உலர்கண் நோயை உண்டாக்கி மருந்தைச் சோதித்துக் காட்டினர். அந்தச் செயற்கைக் கண்ணுக்கு வலிக்காது. ஆனால் அதற்கும் உறுத்தலைச் சொல்லத் தெரியாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நமக்கு எவ்வகையில் பயன்படும் என்று கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். முயல்களுக்கு உலர்கண்ணை உண்டாக்க விஞ்ஞானிகள் கையாளும் பொருள்களில் ஒன்று பென்சல்கோனியம் குளோரைடு. 0.1 விழுக்காட்டுக் கரைசலை நாளுக்கு இருமுறை இட்டால் இரண்டு வாரங்களில் முயலின் கண் உலர்ந்து போகிறது. இப்பொருள் வேறெங்கே இருக்கிறது தெரியுமா? நாம் கடையில் வாங்கும் பல கண் சொட்டு மருந்துகளில், மருந்து கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவு இதைவிடப் பல மடங்கு குறைவுதான். சில நாட்கள் இடுவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில், நாளுக்குப் பலமுறை சொட்டு மருந்து இடுவோர், இப்பொருள் சேராத மருந்து கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்பது நல்லது. எங்கள் தெரு மூதாட்டியும் வேறொரு கண் நோய்க்காகப் பல ஆண்டுகளாகச் சொட்டு மருந்து இட்டு வந்தவர். மருத்துவர் அந்தப் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, இப்பொருள் சேராத மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஏதோ ஒரு நாட்டில், பெயரில்லாத ஒரு முயல் சொன்ன சாட்சியம் திண்டிவனத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்த விதம் இது.

இறுதியாகச் சில வேண்டுகோள்கள். கண் உறுத்தினால் தாய்ப்பாலையும் விளக்கெண்ணெயையும் இலைச்சாற்றையும் கண்ணில் விடாதீர்கள். அவற்றின் வழியே கிருமி புகுந்து கருவிழியில் புண் உண்டாகக்கூடும். சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்காதீர்கள். அது கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பறிக்க வல்லது. உப்பளத்திலும், மல்லாட்டை அடிக்கும் களத்திலும், மோட்டார் சைக்கிளிலும் காற்றைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள். திரையைப் பார்க்கும்போது இமைக்க மறவாதீர்கள். உறுத்தல் நீடித்தால் கண் மருத்துவரை நாடுங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அருகிலுள்ள புதுச்சேரியிலும் நல்ல கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே சென்றால் உங்கள் துன்பத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் முழுமையாகச் சொல்லுங்கள். எரிகிறதா, உறுத்துகிறதா, காலையில் மிகுதியா, மாலையில் மிகுதியா என்று சொல்லுங்கள். எலியும் முயலும் நாயும் சொல்ல முடியாமல் விட்டுப்போன பகுதி அதுவே. அதைச் சொல்லும் வாய் மனிதருக்கு மட்டுமே இருக்கிறது.

எங்கள் தெரு மூதாட்டிக்கு இப்போது உறுத்தல் பெரிதும் குறைந்திருக்கிறது. "காஞ்ச கண்ணுக்கு ஈரம் வந்துச்சு தம்பி, தண்ணி கொட்டுறதும் நின்னுபோச்சு" என்கிறார். அன்று அவருக்குச் சிரிப்பை மூட்டிய புதிருக்கு இன்று அவரே விடை சொல்கிறார்.